ஒரே வண்ணம் போதுமா?

மத்தூரிலிருந்து ஓசூர்த் தொழிற்கூடம் ஒன்றிற்கு வேலைக்குச் செல்பவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓர் இயந்திரம் பச்சை, மற்றொன்று சாம்பல் நிறம். செய்த நிறுவனங்களும் வேறு வேறு. ஆனால் ஆபத்து நேரத்தில் அழுத்தவேண்டிய நிறுத்தப் பொத்தான் மட்டும் சிவப்பாகவே இருக்கும். அதன் பின்னணி மஞ்சள். இது தற்செயல் அன்று. ஐ.இ.சி. 60204 என்னும் பன்னாட்டுத் தரத்தின் விதி அது. இயந்திரத்தின் வண்ணம் எதுவானாலும் கை எங்கே போகவேண்டும் என்பதில் ஐயமில்லை.

இந்த நல்ல ஒழுங்கு கணிப்பொறித் திரையில் இருக்கிறதா? அதைத்தான் இங்கு ஆராயப் போகிறோம்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் லினக்ஸ் நம் மாணவர்கள் பலரின் கைக்கு வந்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது.

மத்தூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி லினக்ஸ் கணினியில் படம் வரைய 'கிம்ப்' என்ற நிரலைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தனிம அட்டவணையைக் காண 'கால்சியம்' என்ற நிரலைத் திறக்கிறாள். இரண்டும் ஒரே திரையில்தான் இருக்கின்றன. ஆனால் பொத்தான், பட்டியல், எழுத்து அனைத்தும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளைப் போல் நிற்கின்றன. காரணம் என்ன?

நிரல் எழுதுபவர் ஒவ்வொரு பொத்தானையும் தாமே வரைவதில்லை. வீடு கட்டுபவர் கதவும் சன்னலும் ஆயத்தமாக வாங்கிப் பொருத்துவதுபோல், 'டூல்கிட்' எனப்படும் கருவித்தொகுதியிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்கிறார். லினக்ஸில் இவ்வகையில் பெரியவை இரண்டு. ஒன்று கிம்ப்புக்காகவே அமெரிக்காவின் பெர்க்லியில் பிறந்த ஜி.டி.கே. மற்றொன்று நார்வே நாட்டில் பிறந்த கியூ.டி.; கால்சியம் இதைக் கொண்டு எழுதப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1996-இல் மத்தியாஸ் எட்ரிக் என்ற ஜெர்மானிய மாணவர், நிரல்கள் ஒன்றுபோல் தோன்றுவதுமில்லை, இயங்குவதுமில்லை என்று மனம் நொந்து கே.டி.இ. திட்டத்தைத் தொடங்கினார். அதற்குக் கியூ.டி.யைத் தேர்ந்தார். அதன் அன்றைய உரிம விதிகளை ஏற்காதவர்கள் 1997-இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கி, ஜி.டி.கே.யைக் கைக்கொண்டனர். ஒருமை வேண்டிப் பிறந்த முயற்சியே இரண்டு வீடுகளாயிற்று!

இந்தப் பிளவை மறைக்கச் செய்த முயற்சிகள் பல. முதலாவது, இரண்டுக்கும் ஒரே வண்ணம் பூசுவது. ரெட் ஹேட் நிறுவனம் 2002-இல் தன் 8.0 பதிப்பில் 'புளூகர்வ்' என்ற தீமை இரு தரப்புக்கும் அணிவித்தது. கண்ணுக்கு இனிமையாகத்தான் இருந்தது. எனினும் கே.டி.இ. தரப்பினர் தங்கள் முகமே மறைக்கப்பட்டதாகக் குறைகூறினர். 2005-இல் ஃபெடோரா 4 வேறு தீமுக்கு மாறிவிட்டது.

இரண்டாவது, ஒன்று மற்றொன்றைப் பார்த்து நடிப்பது. 2009-இல் வந்த கியூ.டி. 4.5, க்னோமில் இயங்கும்போது ஜி.டி.கே.யைக் கொண்டே தன் பொத்தான்களை வரையக் கற்றுக்கொண்டது. இது திறமையான வேலை. ஆனால் 2011-இல் ஜி.டி.கே. 3 வந்து வரையும் முறையே மாறியபோது, நடிகர் பழைய வேடத்திலேயே நின்றுவிட்டார்.

இம்முயற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். தீம் வண்ணத்தையும் வளைவையும் தரும். பொத்தான்களின் வரிசையை அது தீர்மானிப்பதில்லை. க்னோம் மரபில் 'சரி' வலது ஓரத்திலும் 'ரத்து' அதற்கு இடப்புறமும் அமையும். கே.டி.இ. மரபில் 'ரத்து' வலது ஓரத்தில் வரும். தோற்றம் வேறாக இருந்தால் மாணவி சற்று நின்று படிப்பாள். தோற்றம் ஒன்றாகிவிட்டால், பழகிய கை பழகிய இடத்திற்கே போகும். ஒரு மணி நேரம் வரைந்த படம் ஒரே அழுத்தத்தில் அழிந்து போகலாம். பழக்கம் ஒன்றாகாமல் தோற்றம் மட்டும் ஒன்றாவது உதவி அன்று. அது ஒரு பொறி.

இதை உணர்ந்தவர்களும் இருந்தனர். 2006-இல் கியூ.டி. 4.2, எந்த மேசைத்தளத்தில் இயங்குகிறதோ அதன் மரபுப்படி பொத்தான்களை வரிசைப்படுத்தும் வசதியைத் தந்தது. புளூகர்வைப்போல் கண்ணைக் கவரவில்லை. ஆனால் அதைவிடப் பயனுடையது.

2019-இல் ஜி.டி.கே. நிரலாளர் சிலர், தங்கள் நிரல்களின் மேல் பிறர் தீம் பூசவேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். தொடர்ந்து வந்த 'லிப்அத்வைதா' தொகுதி வெளித் தீம்களுக்குக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. பூசிய தீமால் எழுத்து மறைந்தாலும் குறை சொல்வது நிரலாளரைத்தானே என்ற அவர்கள் வாதம் நியாயமானது. ஆனால் 'கண் கூசுகிறது, இருண்ட திரை வேண்டும்' என்னும் பயனாளரின் தேவையும் நியாயமானதே. அந்த விருப்பத்தை எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கும் பொது ஏற்பாட்டை இன்று க்னோம், கே.டி.இ. இரண்டும் ஏற்றுள்ளன. வண்ணம் அவரவருடையது, குறிப்பு பொதுவானது. ஓசூர் இயந்திரங்களின் சிவப்புப் பொத்தானும் இந்த வழிதானே?

வாசகர்களே, உங்கள் கணினியில் ஒரு தீமை மாற்றினால், அழகை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். இரு வகை நிரல்களைத் திறந்து, சேமிக்காமல் மூடிப் பாருங்கள். 'சரி' எங்கே நிற்கிறது? பிறகு பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வரியின் உயரத்தை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துக் கட்டிப்போட்ட தீமில், 'கீ'யின் தலையோ 'பூ'வின் காலோ வெட்டுப்படும். இவ்விரு சோதனைகளிலும் தேறும் தீமே நல்ல தீம். வண்ணம் அதற்குப் பிறகுதான்.