முதல்முறை ஆடும்போது: பழைய வீடியோ கேம்களில் எது குறை?

கடந்த சில மாதங்களாக எனக்கு ஒரு வேலை. பெயரை மட்டும் ஆயிரம் தடவை கேள்விப்பட்டு, ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத பழைய வீடியோ கேம்களை எடுத்து முதல் தடவையாக ஆடுவது. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். எங்கே கடுப்பாகிறதோ அங்கே நிறுத்தி, என்ன கடுப்பு, ஏன் கடுப்பு என்று இரண்டு வரி எழுதிவிடுவேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. ஜப்பானில் 1986-ல் வந்தது. அதன் ஏழாவது நிலவறையில் ஓர் அறை. உள்ளே ஓர் அரக்கன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான். வாளால் வெட்டினாலும் ஒன்றும் ஆகாது. உறுமுகிற சத்தம் மட்டும் திரையில் எழுத்தாக வரும். அரை மணி நேரம் முட்டி மோதிவிட்டு, "என்ன மொக்கைத்தனம் இது? ஒரு துப்பும் கிடையாதா?" என்று எழுதிவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உறுமியது அவன் வாய் இல்லை, வயிறு. பசி! கடையில் விற்கிற இறைச்சித் துண்டை வாங்கிக் கொடுத்தால் நகர்ந்து வழி விட்டுவிடுகிறான்.

சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. நான் எழுதிவைத்த குறை கேமுடையதா, என்னுடையதா?

பழைய கேம்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கட்சி உண்டு. "அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்ப்பா, இன்னைக்குக் கண்ணை வச்சுப் பார்க்கக்கூடாது" என்பது ஒன்று. "எல்லாம் நினைவேக்கம், இப்ப ஆடவே முடியல" என்பது இன்னொன்று. முதல் கட்சி எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது. அப்படி மன்னித்தால், அதே காலத்தில், அதே மெஷினில், அதே விஷயத்தை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களுக்கு என்ன மரியாதை? இரண்டாவது கட்சி தன் விரல் பழக்கத்தையே அளவுகோல் ஆக்கிவிடுகிறது. இரண்டு கட்சிக்கும் கேமை உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அதுதான் வசதி.

எனக்கு இந்தக் கேம்களிடம் நினைவேக்கம் கிடையாது. எங்கள் தெருவில் 'டிவி கேம்' என்றால் மஞ்சள் கேசட்டும் அதில் மரியோவும் கான்ட்ராவும்தான். கேசட்டை ஊதி ஊதிப் போட்டு ஆடியதோடு சரி. நான் ஆடிய கேசட் எதிலும் செல்டா இல்லை. அதனால் இவற்றுக்கு நான் புது ஆள். புது ஆளின் கடுப்பு நேர்மையானது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நேர்மையானது சரி, ஆனால் அது சாட்சியம் மட்டுமே, தீர்ப்பு இல்லை என்று புரிய மூன்று கேம் ஆனது.

பெட்டியில் இருந்தது எங்கே?

செல்டாவை வாங்கியவர்களுக்கு வெறும் கேசட் மட்டும் கிடைக்கவில்லை. 1987-ல் அமெரிக்காவில் விற்ற பெட்டிக்குள் ஒரு கையேடும், சில பகுதிகளை நிரப்பாமல் விட்ட வரைபடமும் இருந்தன. எந்தப் பொருள் எதற்கு, எந்த எதிரி எப்படி என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான். கேமுக்குள் அதையெல்லாம் எழுத இடமும் இல்லை, எழுதும் எண்ணமும் இல்லை.

உரையே இல்லாமல் சங்கப்பாட்டைக் கையில் கொடுத்து "புரியலையா? அப்ப பாட்டு மோசம்" என்று சொல்வது போலத்தான் நான் செய்தது. இந்த உவமைகூட முழுதாகப் பொருந்தாது. உரை பின்னால் வந்த இன்னொருவர் எழுதுவது. செல்டாவின் கையேடு அதே பெட்டியில், அதே விலைக்குள் வந்தது. அது மூலத்தின் ஒரு பாதி. பாதியைத் தொலைத்துவிட்டு மீதியில் ஓட்டை இருக்கிறது என்று நான் குறை சொல்லியிருக்கிறேன்.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. செல்டாவில் 'போல்ஸ் வாய்ஸ்' என்று பெரிய காதுள்ள எதிரி ஒன்று உண்டு. அதற்குச் சத்தம் ஆகாது என்கிறது கையேடு. புல்லாங்குழலை எடுத்து ஊதினேன், அது அசையவே இல்லை. காரணம் என்னவென்றால், ஜப்பானின் ஃபேமிகாம் மெஷினில் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் இருந்தது. அதில் கத்தினால் அந்த எதிரி செத்துப்போகும்! அமெரிக்காவுக்குப் போன மெஷினில் மைக் இல்லை. மைக் போய்விட்டது, குறிப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இது நிஜமான குறைதான். ஆனால் செய்தவர்களின் கற்பனையில் குறை இல்லை. கடல் தாண்டி அனுப்பியபோது கவனிக்காமல் விட்டதில் இருக்கிறது.

அதற்காகச் செல்டாவை முழுக்க விடுவிக்க நான் தயாராக இல்லை. கையேட்டைத் தேடிப் படித்த பிறகும், எட்டாவது நிலவறைக்குப் போக ஒரு மரத்தை எரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீல மெழுகுவத்தி ஒரு திரைக்கு ஒருமுறைதான் எரியும். ஒரு மரத்தை எரித்துவிட்டு, வெளியே போய், திரும்ப வந்து அடுத்த மரம். ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்ததாக ஷிகெரு மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். பத்துப் பையன்கள் ஆளுக்குப் பத்து மரமாக எரித்து மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டால் அது திருவிழா. தனியாக உட்கார்ந்து எரித்தால் அது தண்டனை. ஆக, பாதிக் குறை.

எடுத்துவிட்டுப் பார்ப்போம்

தொலைந்துபோன காகிதம் இருக்கட்டும். கேமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் தொந்தரவை எப்படி எடைபோடுவது? அதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான்: அந்தத் தொந்தரவை எடுத்துவிட்டால், கூடவே வேறு என்ன விழுகிறது? ஒன்றும் விழாவிட்டால் அது குறை. கேமின் உயிரே சரிந்துவிட்டால் அது குறை இல்லை, எனக்குத்தான் பழக்கம் இல்லை.

நல்லவேளையாக, இந்தச் சோதனையை நாமே செய்ய வேண்டியதில்லை. கேம் கம்பெனிகளே மறுபதிப்பு, மறு ஆக்கம் என்று போட்டு நமக்காகச் செய்துவைத்திருக்கின்றன.

காப்காமின் 'ரெசிடென்ட் ஈவில்', 1996. ஒரு மாளிகை, உள்ளே நடைபிணங்கள். இதில் நடப்பதே பெரும்பாடு. மேல் பட்டனை அழுத்தினால் பாத்திரம் தான் பார்க்கும் திசையில் நடக்கும். இடது, வலது அழுத்தினால் நின்ற இடத்திலேயே லாரி மாதிரி மெதுவாகத் திரும்பும். "கன்ட்ரோல் படுமோசம்" என்று என் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

ஆனால் இதற்குக் காரணம் உண்டு. பின்னணி எல்லாம் முன்கூட்டியே வரைந்துவைத்த படங்கள். கேமரா அசையாது, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சட்டென்று தாவும். திரையில் நமக்கு இடது எதுவோ அதுவே இடது என்று வைத்தால், கேமரா தாவிய நொடியில் இடது வலதாகிவிடும், வந்த வழியே திரும்பி ஓடுவோம். திசையைப் பாத்திரத்தோடு கட்டிப்போட்டால் கேமரா எங்கே தாவினாலும் அது நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சிக்கலுக்கு அது ஒழுங்கான விடை.

சோதனைக்கு வருவோம். 2002-ல் வந்த மறு ஆக்கத்தை மெருகேற்றி 2015-ல் மறுபடி வெளியிட்டபோது, குச்சியைத் தள்ளிய பக்கம் ஓடும் புதுக் கன்ட்ரோலையும் சேர்த்தார்கள். அதை வைத்து ஆடினேன். சுகமாக இருந்தது. நடைபிணத்தைச் சுற்றி ஓடுவது சைக்கிளில் குழியைச் சுற்றிப் போவது போல ஆகிவிட்டது. பயம் போய்விட்டது! கூடத்தில் ஒரு பிணம் நிற்கிறது, திரும்புவதற்குள் கடித்துவிடுமா என்ற அந்த இரண்டு நொடிதான் இந்தக் கேம் என்று அப்போதுதான் புரிந்தது. கன்ட்ரோல் பற்றி எழுதியதை அடித்துவிட்டேன்.

அதே கேமின் வசனம், நடிப்பு? அது மோசம்தான். 2002-ல் புதிதாகக் குரல் கொடுத்தார்கள், கேமில் ஒரு செங்கல்கூடச் சரியவில்லை. போனது நம் சிரிப்பு மட்டும்.

கடுப்பு காட்டும் இடம் சரி, சொல்லும் காரணம் தப்பு

1998-ல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' கேமில் நீர்க்கோயில் என்று ஒரு பகுதி. ஆடியவர்கள் பலரும் திட்டிய இடம். இயக்குநர்களில் ஒருவரான ஈஜி அவோனுமாவே பிறகு வருத்தம் தெரிவித்த இடம். தண்ணீர் மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கி வழி கண்டுபிடிக்க வேண்டும். "குழப்பமான புதிர்" என்றுதான் நானும் எழுதினேன்.

2011-ல் இது கையடக்க மெஷினான 3டிஎஸ்ஸில் வந்தது. புதிரின் அடிப்படை அதேதான். இரும்புக் காலணியைப் போட்டுக் கழற்றும் முறையை மட்டும் மாற்றினார்கள். முந்தைய பதிப்பில் ஒவ்வொரு முறையும் கேமை நிறுத்தி, பட்டியலுக்குள் போய், காலணியைத் தேர்ந்து, வெளியே வர வேண்டும். புதியதில் ஒரு தொடுதல். கூடவே, நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்குச் சுவரில் வண்ணக்கோடு போட்டு வழி காட்டினார்கள். ஆடிப் பார்த்தேன். அதே புதிர் இனித்தது. அடிபட்டது என் மூளை இல்லை, என் பொறுமை. காலணியைக் கழற்றி மாட்டும் சலிப்பில், எந்தத் தளத்தில் தண்ணீர் எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிருக்கிறது.

இதில் நான் கற்றது: புது ஆளின் கடுப்பு இடத்தைச் சரியாகக் காட்டும். காரணத்தைச் சரியாகச் சொல்லும் என்று நம்பக்கூடாது. வயிற்றுவலி என்று வருபவரை நம்பலாம், அவரே எழுதிக்கொண்டு வரும் மருந்துச்சீட்டை நம்பக்கூடாது.

மன்னிக்க முடியாதது

இனி என் நோட்டில் அடிக்காமல் விட்ட வரி. 'மெட்ராய்ட்', இதுவும் 1986, இதுவும் நின்டெண்டோ. வரைபடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு நோட்டுக் கட்டங்களில் நானே வரைந்தேன். வேற்றுக்கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட உணர்வுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

குறை இது: செத்துப்போய் மறுபடி தொடங்கினாலோ, மறுநாள் வந்து தொடர்ந்தாலோ, சக்தி 30 புள்ளிதான் இருக்கும். நீங்கள் பாடுபட்டுத் தேடிய டாங்குகளை எல்லாம் சேர்த்து 699 வரை கொள்ளளவு இருந்தாலும் 30. அத்தனையும் காலி. நிரப்ப என்ன வழி? பூச்சிகள் ஓயாமல் வெளியே வரும் ஒரு குழாய்ப் பக்கம் நின்று சுட்டுக்கொண்டே இருப்பது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அதில் திறமையும் இல்லை, பயமும் இல்லை. இது விளையாட்டு இல்லை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது.

"அந்தக் காலம் அப்படி" என்று சொல்ல முடியாது. செல்டாவும் இதையே செய்கிறது. எத்தனை இதயம் சேர்த்திருந்தாலும் மறுபடி தொடங்கும்போது மூன்றுதான் நிரம்பியிருக்கும். ஆனால் அங்கே தேவதைக் குளம் இருக்கிறது, போய் நின்றால் நிரம்பிவிடும். வழி தெரிந்தவனுக்கு அது ஒரு நிமிட நடை. அதே கம்பெனி, அதே வருஷம், அதே யோசனை. ஒன்றில் மாற்றுவழி உண்டு, இன்னொன்றில் இல்லை. இதை எடுத்துவிட்டால் மெட்ராய்டில் என்ன விழும்? தனிமை விழாது, இருட்டு விழாது. குழாய்ப் பக்கம் நிற்பது மட்டும் விழும்.

கடைசியாக, கடுப்பே வராத ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1987-ன் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் பாத்திரங்களுக்குப் புத்தி என்று ஓர் எண் உண்டு. மந்திரத்தின் வலிமை அதைப் பொறுத்தது என்றுதான் நினைப்போம். நிரலில் இருந்த பிழையால் அந்த எண் மந்திரத்தில் எதையுமே மாற்றாது! ஆடி முடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. நான் திட்டியதோ வேறொன்றை: குறிவைத்த எதிரி முன்பே செத்துவிட்டால் அடி வீணாகும். அடுத்த எதிரிக்குத் தானாகத் தாவாது. ஆனால் யார் யாரை அடிப்பது என்று ஒவ்வொரு சுற்றும் கணக்குப் போடவைத்தது அதுதான். அடி தானாகத் தாவும் பிந்தைய பதிப்புகளில் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே போகலாம். உண்மையான குறையை உணரவே இல்லை. உணர்ந்ததோ குறையே இல்லை.

நோட்டு பாதி நிரம்பியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு கடுப்புக்கும் எதிரே காலியாக ஒரு பத்தி விட்டுவைக்கிறேன். கையேட்டைப் படித்து, மறுபதிப்பை ஆடி, சில நாள் கழித்து அதில் தீர்ப்பு எழுதுவேன். செல்டாவின் அரக்கனுக்கு எதிரே எழுதியிருப்பது: "குறை இல்லை. பசி." மெட்ராய்டின் 30-க்கு எதிரே, மூன்று தடவை ஆடிப் பார்த்த பிறகும், முதல் நாள் எழுதியதேதான் இருக்கிறது.