பேணியும் பேணுதலும்: மலிவுப் பொருட்கள் பற்றி ஒரு பார்வை

நமது பண்பாட்டு வரலாறுகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் பொருட்களைப் பற்றியவை. பழைய பள்ளிவாசலின் தூண், பித்தளைப் படிக்கம், அறபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதி, உம்மம்மாவின் காதில் கிடந்த அல்லுக்குத்து. இவற்றை எழுதியது நல்ல வேலைதான். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த சாதாரண சனம் நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தது பித்தளையையா? இல்லை. தகரத்தையும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும்தான். அந்தப் பொருட்களுக்கு நமது ஆய்வாளர்கள் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை என்பது எனது முறைப்பாடு.

'பேணி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கப்பலில் வந்த ரின்பால் தீர்ந்ததும் அந்த ரின் குப்பைக்குப் போகவில்லை. விளிம்பு தட்டப்பட்டுத் தேத்தண்ணி குடிக்கும் பேணி ஆயிற்று. அரிசி அளக்கும் சுண்டாகவும் ஆயிற்று. நான்கு சுண்டு ஒரு கொத்து. அந்நியக் கம்பனி ஒன்று எறிவதற்கென்று செய்த டப்பா, நமது குசினியின் அளவுகோலாக மாறியது. மண்ணெண்ணெய்த் தகரமும் அப்படித்தான். கைபிடி வைத்தால் தண்ணீர் வாளி, வெட்டி விரித்தால் கூரை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்கிருந்து போய்விட்டது. அந்தக் காலத்துத் தகரம் சில வளவுகளில் வேலியாக அதற்குப் பிறகும் நின்றது.

நம்மவர் பேச்சில் மார்க்கத்தில் கவனமாயிருப்பவரைப் 'பேணுதலான மனிசன்' என்போம். பேணிக்கும் பேணுதலுக்கும் சொற்பிறப்பில் உறவிருக்கிறதோ இல்லையோ, வாழ்க்கையில் உறவிருந்தது. ஆகவே மலிவு வேறு, எறிதல் வேறு. நமது விமர்சகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணிக்கும் வரிசை, பாணுக்கும் வரிசை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் செருப்பும் விளையாட்டுச் சாமானும் நடைபாதைக்கு வந்தன. இதைப் 'பண்பாட்டுச் சீரழிவு' என்று எழுதுவது எளிது. தூரத்துக் கிணற்றிலிருந்து மண்குடமும் தகர வாளியும் சுமந்த பெண்ணிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள். பாரம் குறைந்தது, உடையும் பயம் போனது. பெருநாளைக்குப் பிள்ளைக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கிக் கொடுக்க ஏழை வாப்பாவுக்கும் இயன்றது. கடலோரத்துக்கும் கிண்ணியா, மூதூர்ச் சந்தைகளுக்கும் இந்தச் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நமது சிறு வியாபாரிகள் கணிசமானோர். 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று நாட்டின் பல பகுதிகளில் பிரசாரம் நடந்தது நினைவிருக்கும். மலிவுச் சாமானை இகழும் பேச்சு, அதை விற்கும் மனிதனை இகழும் பேச்சாக மாற அதிக நேரம் எடுக்காது. விமர்சகன் அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உண்மையான முறிவு வேறிடத்தில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டின் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷம்பூவைச் சின்னப் பக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை வளர்த்தார். போத்தல் வாங்க முடியாத நாட்கூலிக்காரனுக்கு ஒரு நாளைக்குரிய அளவு கிடைத்தது. அதில் ஒரு நீதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பக்கெட்டை எந்தக் கெட்டிக்கார உம்மாவாலும் பேணியாக்க முடியாது. லன்ச் சீட்டும் ரிஜிபோம் பெட்டியும் அதே ரகம். இரண்டாவது உயிர் இல்லாத பொருள் இப்படித்தான் நம்மிடம் வந்தது. ஊரார் கைத்திறனுக்கு அதில் வேலையே இல்லை.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மரணித்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் லன்ச் சீட்டும் ரிஜிபோம் பெட்டியும் தடையாயின. 2021 இல் உணவு, மருந்து தவிர்ந்த சிறு பக்கெட்டுகளுக்குத் தடை வந்தது. 2025 நவம்பர் முதல் சொப்பிங் பேக்குக்குக் காசு. சட்டம் வந்தது, பழக்கம் அவ்வளவு வேகமாக மாறவில்லை. வாங்குகிறவனுக்கு மாற்று எது என்பதைச் சட்டம் சொல்லவில்லையே!

எமது மாவட்டத்துக்கே உரிய இன்னொரு அத்தியாயமும் உண்டு. 2004 சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் அடித்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். நிவாரணமாகக் கிடைத்தவை பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் பாய், பிளாஸ்டிக் கோப்பை. சில கிழமைக்கென்று தரப்பட்டதை மக்கள் வருடக்கணக்கில் பாவித்தார்கள். வாளி வெடித்தால் நெருப்பில் சூடாக்கிய கத்தியால் ஒட்டினார்கள். எல்லாம் இழந்தவன்தான் எறியாமல் வைத்திருந்தான். எறிகிற பழக்கத்தை ஏழையின் தலையில் கட்டுகிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும்.

எறிகிற பழக்கத்தை வசதியான இடங்களில் தேடினால், வெட்கத்தோடு சொல்கிறேன், நமது வலீமாப் பந்தல்களிலும் இப்தார் நிகழ்வுகளிலும் காணலாம். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட சமூகம் நாம். அந்த ஒரு தட்டில் சமத்துவமும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. கழுவி அடுக்கி அடுத்த கலியாணத்துக்குக் கொடுத்தார்கள். இன்று ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு போன பிள்ளை இப்போது பொலித்தீன் பையில் கொதிக்கக் கொதிக்க வாங்கி வருகிறது. இஸ்ராஃப் பற்றிய பயான்களில் மிஞ்சிய சோறும் திறந்துவிட்ட தண்ணீர்ப் பைப்பும் வருகின்றன. சோறு வந்த பெட்டி வருவதில்லை. வீண்விரயம் என்ற சொல்லின் பொருளை நாம்தான் சுருக்கி வைத்திருக்கிறோம்.

செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு. பல ஊர்ப் பள்ளிகளில் பொதுச் சட்டி, கிடாரம், சஹன் என்று வைத்து இரவல் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதை வக்பாக மீட்டெடுக்கலாம். வசதியுள்ளவர் இருநூறு கோப்பை வாங்கி வைத்தாலும் அது நின்று பயன்தரும் தருமம். மற்றது நம்மைப் போன்ற எழுத்துக்காரரின் வேலை. பேணி, சுண்டு, பறி, தூக்குச்சட்டி, குப்பிவிளக்கு என்று ஊருக்கு ஊர் பொருளையும் பேரையும் திரட்ட வேண்டும். இப்போது வகுப்பில் 'சுண்டு' என்றால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பொருளை எறிந்தோம், கூடவே சொல்லும் போய்விட்டது. சொல்லையாவது இப்போதே எழுதி வைப்போம். அதைத் தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.