குட்காவுக்குத் தடை, பீடிக்குச் சலுகை

பள்ளி விடும் நேரத்தில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கம்பில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும், அதன் நுனியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். வருகிறவர் பெட்டி கேட்பதில்லை. ‘ஒண்ணு’ என்கிறார். கடைக்காரர் பிரித்து வைத்த பெட்டியிலிருந்து ஒரு சிகரெட்டை உருவிக் கொடுக்கிறார். கயிற்றில் பற்றவைத்துக்கொண்டு வந்தவர் நகர்ந்துவிடுகிறார். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைப் படம் அவர் கண்ணில் படவே இல்லை. பக்கத்திலேயே முறுக்கு பாட்டில், கடலைமிட்டாய், பத்து ரூபாய் பேனா. பீடிக்கட்டுகள் வெளியே அடுக்கியிருக்கும். தடை செய்யப்பட்ட புகையிலைப் பொட்டலம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆள் தெரிந்தவராக இருந்தால் அதுவும் பலகைக்கு அடியிலிருந்து வரும்.

தமிழ்நாட்டில் புகையிலைக் கட்டுப்பாடு என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடப்பதை எடைபோட இந்தக் கடையே போதும். அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. செய்ததை எந்த வரிசையில் செய்தது, எதை முதலில் வைத்தது, எதைத் தொடாமலே விட்டது என்பதுதான் என் கேள்வி.

முதலில் வந்தது தடை. 2001-லேயே குட்கா, பான் மசாலா வகைகளைத் தடை செய்து தமிழ்நாடு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதே வழியில் மற்ற மாநிலங்கள் போட்ட தடைகள் 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 30-ஆம் பிரிவு, ஓர் உணவுப் பொருளை ஓராண்டுவரை தடை செய்ய மாநில ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு 2013 மே மாதம் மீண்டும் தடை வந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தார்கள். அவசரத்துக்கென்று கொடுத்த ஓராண்டு அதிகாரத்தை ஆண்டுதோறும் நீட்டி நிரந்தரத் தடையாக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அரசு முதலிடம் கொடுத்த நடவடிக்கை இப்படி ஓர் இடைக்காலத் தடையின் நிழலுக்கு வந்துசேர்ந்தது.

சட்டத்தின் கதை இது. களத்தின் கதை வேறு. பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் போட்டு விற்றார்கள். வாங்குகிறவர் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டால் அதுதான் குட்கா. தடை செய்யப்பட்ட சரக்கைச் சென்னையில் விற்கவிட அதிகாரிகளுக்கு லஞ்சம் போனது என்ற குற்றச்சாட்டில் 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கே உத்தரவிட்டது. 2024-ல் மதுரைக் கிளை, உதட்டுக்கடியில் வைக்கும் ‘கூல் லிப்’ பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவது கண்டு, நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று அரசுகளைக் கேட்டது. பத்தாண்டுக்கு மேல் தடை இருக்கும் மாநிலத்தில் பிள்ளைகளின் புத்தகப்பையில் அது கிடைக்கிறது என்றால், தடையின் பலம் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் இரண்டு முறை நடந்தது. 2009-10-ல் நாட்டில் 34.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17-ல் அது 28.6 சதவீதமாக இறங்கியது. தமிழ்நாட்டிலோ 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது. நாடு இறங்கிய காலத்தில் நாம் ஏறினோம். தடைதான் இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது நேர்மையும் ஆகாது. மாதிரிக் கணக்கெடுப்பில் சிறு பிழைகளும் இருக்கலாம். ஆனால் தடையும் ரெய்டும் பறிமுதலும் பத்திரிகைப் படமும் முன்வரிசையில் நின்ற காலத்தில் பயன்பாடு குறையவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. இன்னொன்றும் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் புகைப்பவர்களும் வாயில் வைப்பவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. ஆக, மெல்லும் புகையிலைத் தடை நூறு சதவீதம் வெற்றி பெற்றாலும் பிரச்சினையின் பாதி தொடப்படாமல் நிற்கும்.

தொடப்படாத அந்தப் பாதியில் முக்கியமானது பீடி. நாடளவில் சிகரெட் பிடிப்பவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் பீடி பிடிக்கிறார்கள். அவர்கள் ஏழைகள். கட்டட வேலை, விவசாயக் கூலி, சுமை தூக்குதல் என்று உடம்பையே மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்கள். பீடியால் வரும் நோய்க்கும் சாவுக்கும் நாடு கொடுத்த விலை 2017-ஆம் ஆண்டில் மட்டும் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று பொருளாதார ஆய்வொன்று கணக்கிட்டது. இந்தப் பொருளுக்குக் கொள்கை என்ன செய்தது?

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விதித்தார்கள். சிகரெட்டுக்கு அதற்கு மேல் இழப்பீட்டு செஸ் வைத்தார்கள், பீடிக்கு வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டை 40 சதவீதத்துக்கு உயர்த்தவும் பீடியை 18 சதவீதத்துக்குக் குறைக்கவும் முடிவெடுத்தது. பீடி இலையின் வரியும் 18-லிருந்து 5-க்கு இறங்கியது. அந்த மன்றத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வாக்கு உண்டு.

இதை ஒரு கட்டுப் பீடியில் வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக வரி சேராத விலை 20 ரூபாய் என்று கொள்வோம். 28 சதவீதத்தில் வரி 5 ரூபாய் 60 காசு. 18 சதவீதத்தில் 3 ரூபாய் 60 காசு. அதாவது விற்பனை விலையில் வரியின் பங்கு 22 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 75 சதவீதம். விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் நுகர்வு சுமார் 5 சதவீதம் குறையும் என்பது பல நாட்டு அனுபவம். விலையைக் கண்டு முதலில் கையை இழுத்துக்கொள்பவர்கள் ஏழைகளும் இளைஞர்களும்தான். யாருக்கு விலை உதவியிருக்குமோ அவர்களுக்கே பொருளை மலிவாக்கிக் கொடுத்திருக்கிறோம். புகையிலைக் கொள்கையில் இதைவிடப் பெரிய பிழை எனக்குத் தெரியவில்லை.

இதற்குச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள் என்பது அரசுக் கணக்கு, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளம் என்று போனால் திண்ணை திண்ணையாகப் பார்க்கலாம். மடியில் தட்டு. நனைத்துத் துடைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, விரலால் உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்குவார்கள். பேசிக்கொண்டே செய்வார்கள், கை நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலையில் ஆயிரம் தேறாவிட்டால் குறையைக் கைக்காசு போட்டு வாங்கி நிரப்ப வேண்டும். கடையில் கழித்துப் போடும் பீடிக்குக் கூலி இல்லை. பொழுதெல்லாம் தூளைச் சுவாசித்து இருமலும், குனிந்தே இருந்து இடுப்புவலியும் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பெண்களின் கைக்காசில்தான் பல வீடுகளில் மகள் கல்லூரிக்குப் போனாள். வீட்டைவிட்டுப் போகாமல், யாரிடமும் கைநீட்டாமல் சம்பாதிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே வேலை அது. அந்த வாயில் மண்ணைப் போடும் கொள்கை எதுவானாலும் அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் வரிக்குறைப்பு அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தது? ஆயிரம் பீடிக்கான கூலியை ஜி.எஸ்.டி. மன்றம் நிர்ணயிப்பதில்லை. வரி 10 சதவீதப் புள்ளி குறைந்ததால் கூலி ஒரு ரூபாய் உயர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. குறைந்த வரி முதலாளியின் கையிலோ பீடி பிடிப்பவரின் நுரையீரலிலோ போய்ச் சேரும். அவள் பேருக்கு இருந்ததையும் எடுத்துவிட்டோம். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிமீது ஒரு செஸ் வசூலித்து, பீடித் தொழிலாளர் நல நிதிக்குக் கொடுத்தார்கள். மருத்துவம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீடு எல்லாம் அந்த நிதியில் நடந்தன. ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ் ஒழிந்தது. தொழிலாளிக்கென்று இருந்த வரியை நீக்கிவிட்டு, இன்று தொழிலாளியின் பெயரைச் சொல்லி வரியைக் குறைக்கிறோம்.

மாற்று உண்டா என்றால் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கண்ணூரில் 1969-ல் தொடங்கிய கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் ஒரு காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது. பீடிக்கு எதிர்காலம் இல்லை என்று உணர்ந்ததும் உணவுப் பொருள், குடை, ஆடை, மென்பொருள் என்று வேறு தொழில்களுக்கு மாறியது. இதை முழு வெற்றியாகக் காட்ட மாட்டேன். பீடி கொடுத்த அளவுக்குப் புதிய தொழில்களால் ஆட்களுக்கு வேலை கொடுக்க முடியவில்லை. அதனால்தான் மாற்றத்துக்குக் காலமும் பணமும் வேண்டும், அந்தப் பணம் பீடியிலிருந்தே வர வேண்டும் என்கிறேன். பிலிப்பைன்ஸ் 2012-ல் புகையிலை வரியை உயர்த்தியபோது கூடுதல் வருவாயின் பெரும்பங்கை ஏழைகளின் மருத்துவத்துக்கும், ஒரு பங்கைப் புகையிலை விளையும் மாகாணங்களுக்கும் சட்டத்திலேயே எழுதி ஒதுக்கியது. உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆவது உறுப்பும் மாற்றுப் பிழைப்புக்கு வழிசெய்யச் சொல்கிறது. அந்த உடன்படிக்கையை இந்தியா 2004-லேயே ஏற்றது.

சரி, வரி தனியொரு மாநிலத்தின் கையில் இல்லை. மாநிலத்தின் கையில் இருப்பதையாவது செய்தோமா? மறுபடியும் அந்தப் பெட்டிக்கடைக்குப் போவோம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்கிறது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்கிறது. ஒற்றையாக விற்காதே என்று சொல்லவில்லை. ஒற்றை விற்பனை நடக்கும்வரை எச்சரிக்கைப் படம் பெட்டியோடு நின்றுவிடும். சிகரெட்டுக்கு எவ்வளவு வரி ஏற்றினாலும் சிறுவனுக்கு அது ஒரு நாணயத்தின் வித்தியாசமாகவே தெரியும். புகையிலை விற்கத் தனி உரிமம் வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், பிஸ்கட் போன்றவற்றை விற்கக் கூடாது என்று உள்ளாட்சிகள் மூலம் கட்டுப்படுத்துமாறு 2017-ல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு யோசனை சொன்னது. எந்தக் கடையில் புகையிலை விற்கிறார்கள் என்ற பட்டியலே இல்லாமல் எந்தக் கடை பள்ளிக்கு அருகில் இருக்கிறது என்று எப்படிக் கண்காணிப்பது?

சட்டத்தைத் திருத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்ற பதிலும் நிற்காது. 2022-ல் ஹுக்கா பார்களைத் தடை செய்ய அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. மாநகரங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஹுக்கா பார்களுக்கு ஒரு திருத்தம் கொண்டுவர முடிந்தது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நடக்கும் ஒற்றை விற்பனைக்கு இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதையும் எதிர்க்க ஆளில்லாததையும் முதலில் பிடித்தோம். பெட்டிக்கடைக்காரருக்கு ஓட்டு இருக்கிறது, பீடிக் கம்பெனிக்குக் குரல் இருக்கிறது என்று மற்றவற்றைத் தள்ளிவைத்தோம்.

விட நினைப்பவருக்குக் கைகொடுப்பதிலும் இதே கதைதான். புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட்டுவிட நினைக்கிறார்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்கும் பெரியவரிடம் ‘பீடி பிடிக்கிறீர்களா, விட உதவி வேண்டுமா?’ என்று கேட்பதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசல்வரை போகிறது. அந்த மாத்திரைப் பையோடு இந்தக் கேள்வியும் போக வேண்டும்.

என் தீர்ப்பு இது. குட்கா தடையை நீக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஆணையாக விடாமல் சட்டமன்றத்தின் சட்டமாக்க வேண்டும், ஆனால் அதைக் கொள்கையின் முதல் வரியாக வைக்கக் கூடாது. முதல் இடம் பீடியின் விலைக்கு. வரியைப் பழைய 28-க்கும் மேலே கொண்டுபோக ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடு குரல் கொடுக்க வேண்டும். ஏறும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பங்கு பீடி சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் என்று சட்டத்தில் எழுத வேண்டும், அது இல்லாமல் வரி ஏற்றக் கூடாது. அடுத்தது விற்பனை உரிமமும் ஒற்றை விற்பனைத் தடையும், இதற்கு டெல்லியின் வரிக் கணக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ரெய்டும் பறிமுதலும் இவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

சட்டமன்ற உறுப்பினர் உங்கள் ஊருக்கு வரும்போது இந்த இரண்டைக் கேளுங்கள்: பீடி வரியைக் குறைத்தபோது தமிழ்நாடு எந்தப் பக்கம் நின்றது? ஒற்றை விற்பனையைத் தடுக்கும் மசோதா எப்போது வரும்? இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது விட நினைத்துக்கொண்டிருந்தால், புகையிலைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் இலவச எண் 1800-11-2356.