சுவரொட்டியும் மரண அறிவித்தலும்

போர்க்காலச் சுவரொட்டி எதிரியை நோக்கி எழுதப்படுவதன்று. சொந்த மக்களை நோக்கியே எழுதப்படுவது. 1914இல் பிரித்தானிய ஓவியர் அல்பிரட் லீற் வரைந்த கிச்சனர் பிரபுவின் உருவம் இதற்கு உலகறிந்த சான்று. போரமைச்சரான கிச்சனர் அதிலே விரல் நீட்டி வழிப்போக்கனைப் படைக்கு அழைக்கின்றார். அழைப்பவர் அதிகாரத்தின் உச்சியிலிருப்பவர், அழைக்கப்படுபவன் சாமானியன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுவர்களில் 1980களிலும், விடுதலைப் புலிகளின் ஆட்சி நிலவிய 1990-1995 காலப்பகுதியிலும் ஒட்டப்பட்ட வீரவணக்கச் சுவரொட்டிகள் இதனின்றும் வேறுபட்டவை. அவற்றிலே விரல் நீட்டும் தளபதி இல்லை. இறந்த இளைஞனின் நிழற்படம், இயக்கப் பெயர், இயற்பெயர், ஊர், வீழ்ந்த நாள் ஆகியனவே இடம்பெற்றன. அழைப்பு வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆயினும், அடுத்த ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளையின் முகத்தைக் கடந்து செல்பவனிடம் அம்முகம் ஒரு கேள்வியைக் கேட்டது. அதிகாரத்தின் விரலிலும் பார்க்க அயலவனின் முகம் வலிமை வாய்ந்தது.

இவ்வடிவம் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. யாழ்ப்பாணச் சமூகத்தில் மரணத்துக்கும் அச்செழுத்துக்கும் நெடுநாளைய உறவு உண்டு. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம், முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு என்பன குடும்பத்தின் துயருக்கு ஊரறிந்த வடிவம் தந்தவை. சுவரொட்டி இம்மரபின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு அதன் உள்ளடக்கத்தை மாற்றியது. 'கண்ணீர் அஞ்சலி' 'வீரவணக்கம்' ஆயிற்று; மரணம் 'வீரச்சாவு' ஆயிற்று; பூதவுடல் 'வித்துடல்' ஆயிற்று. இவற்றுள் இறுதிச் சொல் மிகவும் மனங்கொள்ளத்தக்கது. வித்தென்றால் அது முளைத்தாக வேண்டும். ஒரு சாவு இன்னொருவனைக் கோரி நிற்கும். தாயின் அழுகைக்கு அச்சொல்லில் இடமில்லை.

மக்கள் ஏமாற்றப்பட்டனர் என்று மட்டும் கூறி இதனை விளக்கிவிட முடியாது. குண்டுவீச்சும் பொருளாதாரத் தடையும் அன்றாட வாழ்வாயிருந்த காலத்தில், அச்சுவரொட்டிகள் பலரின் உண்மையான உணர்வையே பேசின. எனினும், ஒரு கலைவடிவத்தை மதிப்பிடுகையில் அது காட்டுவதோடு மறைப்பதையும் நோக்குதல் வேண்டும். இதே வீதிகளின் மின்கம்பங்களில், 'துரோகி' என எழுதிய மட்டைகளோடு உடல்கள் கட்டப்பட்டுக் கிடந்தன. 1986இல் புலிகள் ரெலோ இயக்கத்தை அழித்தபோது மாண்ட இளைஞரும் தாய்மாரின் பிள்ளைகளே. சுவரிலே சிலருக்குப் புகழ். கம்பத்திலே சிலருக்குப் பழி. இரண்டும் பொதுமக்கள் வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. ஒன்றைத் தவிர்த்து மற்றதை வாசித்தல் விமர்சனமாகாது.

அக்காலத்து அரங்கு வேறொரு வழியைக் காட்டியது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகம், மக்களைத் தம் துன்பத்தைத் தாமே பேசுவோராக நிறுத்தியது. சுவரொட்டியோ அவர்களை வாசகராக மட்டுமே நிறுத்தியது.

போரின் பின் வென்ற தரப்பும் கண்ணீருக்கு இடமளிக்கவில்லை. கோப்பாய்த் துயிலும் இல்லம் இடித்தழிக்கப்பட்டு, 2011இல் அந்நிலத்தில் இராணுவத் தலைமையகம் எழுந்தது. ஒரு தரப்பு துயரை வீரமாக மாற்றி எழுதியது. மறு தரப்பு அதனை நிலத்தினின்றும் துடைத்தெறிந்தது. இரண்டுக்கும் இடையில் பறிபோனது, 'என் பிள்ளை செத்துப்போனான்' என்று மட்டும் சொல்லி அழும் தாயின் உரிமையே.