இலத்திரன் எவருக்கும் சாட்சியல்ல

நமது கவிதைகளிலும் சிறுகதைகளிலும் 'குவாண்டம்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகின்றது. ஒருவர் அதனைக் கொண்டு கழா கத்ரை நிறுவ முனைகிறார். மற்றவர் அதே சொல்லால் மனிதனின் சுயதெரிவை நிறுவுகிறார். எதிரெதிரான இரு வழக்குகளுக்கும் ஒரே சாட்சியா என்பதே எனது கேள்வி.

பிரபஞ்சத்தின் ஒரு கணத்தை முழுமையாக அறிந்த அறிவுக்கு எதிர்காலத்தில் மறைவானது எதுவுமில்லை என்றார் லாப்லாஸ், 1814இல். இந்நோக்கில் நிகழ்தகவு என்பது நமது அறியாமையின் அளவு மட்டுமே. மாரியில் வாவி எப்போது கரைமீறும் என்று செங்கலடியில் நாம் ஊகிப்பது இவ்வகையானது. தரவுகள் கூடினால் ஊகமும் திருந்தும்.

1926இல் மக்ஸ் போர்ன் முன்வைத்த நிகழ்தகவோ வேறு சாதி. புல்மோட்டை மணலில் சிறிதளவு கலந்துள்ள மொனசைட்டில் தோரியம் உண்டு. அதன் அணுக்களில் பாதி தேய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் செல்லும். ஆனால் எந்த அணு எப்போது தேயும் என்பதைக் கோட்பாடு சொல்வதில்லை. அணுவினுள்ளே காரணம் ஒளிந்திருக்குமோ? 1964இல் ஜோன் பெல் வகுத்த சோதனையும், 2022இல் நோபல் பரிசு பெற்ற பரிசோதனைகளும் அந்த எளிய விளக்கத்தை அடைத்துவிட்டன. எனினும் வழக்கு முடியவில்லை. 1952இல் டேவிட் போம் தந்த விளக்கத்தில் யாவும் நிர்ணயமானவையே. தொலைவிலுள்ள துணிக்கைகளும் உடனுக்குடன் பிணைந்துள்ளன என்பது அதற்கு அவர் கொடுத்த விலை. ஆகவே பௌதிகவியலே தீர்க்காத ஒன்றைத் தீர்ந்ததாக எழுதுவது பொருந்தாது.

இமாம் கஸ்ஸாலியை இதற்குள் இழுப்பதும் அவ்வாறே. நெருப்புக்கும் பஞ்சு எரிவதற்கும் இடையே கட்டாயப் பிணைப்பில்லை, இரண்டையும் சேர்த்து வைப்பது இறைநாட்டமே என்றார் அவர். அது தற்செயலுக்கான வாதமல்ல. அவரைக் 'குவாண்டத்தின் முன்னோடி' என்பது புகழ்ச்சியுமல்ல, வாசிப்புமல்ல.

இது வெறும் சொல் விவகாரமன்று. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதையை 'எழுதப்பட்டது' என்றோ 'நிச்சயமின்மை' என்றோ முடித்துவிடலாம். இரண்டு முடிவுகளிலும் வடிகானை மண்போட்டு மூடியவன் தப்பித்துவிடுகிறான். அவனைத் தேடிப் போகும் கதையே நமக்குத் தேவை. அதற்கு இலத்திரனின் உதவி வேண்டியதில்லை.