இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட தொகுப்பு

எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் அவருடைய அப்பாவின் ஈரோஸ் இயக்கத்தில் தொடங்கி, ஈழப்போரைச் சுற்றிவந்து, ‘கலகக்குரல்’ என்ற பட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆங்கில விமர்சகர்களோ அவரை ராப்பிலோ ‘உலக இசை’யிலோ சேர்த்துவிட்டு, இசையெல்லாம் தயாரிப்பாளர் டிப்ளோவின் கைவேலை என்று நீண்ட காலம் பேசினார்கள். இரண்டு தரப்பும் காதைத் தீட்டிக்கொள்ளவில்லை. எம்.ஐ.ஏ. இங்கிலாந்தின் சிந்த்பாப் பரம்பரையில் வந்தவர்.

அந்தப் பரம்பரை தெரிந்த கதைதான். 1979இல் கேரி நியூமன் சிந்தசைசரோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். 1981இல் ஷெஃபீல்டின் ஹியூமன் லீக் ‘டேர்’ தொகுப்பைக் கொண்டுவந்தது. 1983இல் டெபெஷ் மோட் கட்டுமான இடங்களில் இரும்பைத் தட்டி, அந்தச் சத்தத்தைச் சாம்பிளரில் ஏற்றிப் பாட்டாக்கியது. ஷெஃபீல்ட் எஃகு ஊர். அங்கே பிறந்த பிள்ளைகள் கிட்டாரைவிட மெஷினை நம்பினார்கள் என்றால் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, எண்பதுகளின் நடுவில் அகதியாக லண்டன் திரும்பியவர் மாயா. ஓவியக் கல்லூரி மாணவி. எலாஸ்டிகா குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில் பாடகி பீச்சஸ் அவருக்கு ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியை அறிமுகப்படுத்தினார். இரவல் வாங்கிய பெட்டியில் தானாகவே தாளம் கோக்கப் பழகினார். முதலில் வெளியான பாட்டான ‘கலாங்’கை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்டீவ் மேக்கி, ராஸ் ஆர்ட்டன் இருவரும் ஷெஃபீல்ட்காரர்கள். டிப்ளோ பிறகுதான் வருகிறார்.

அப்பா பெயரில் ‘அருளர்’ (2005), அம்மா பெயரில் ‘கலா’ (2007) என இரண்டு தொகுப்புகள். சென்னையில் பதிவான உறுமியும், ‘தளபதி’யில் இளையராஜா போட்ட பாட்டின் துண்டும், அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் தொட்ட ‘பேப்பர் பிளேன்ஸும்’ கலந்த ‘கலா’வை எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழட்டும்.

ஆனால் 2010இல் வந்த ‘மாயா’தான் அவர் செய்தவற்றில் துணிச்சலானது. பிட்ச்ஃபோர்க் இசைத்தளம் அதற்குப் பத்துக்கு 4.4 போட்டது. இரைச்சல் என்றார்கள், இரைச்சல்தான்! ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டில் டிரில் மெஷின் போன்ற மின்கருவிகளே தாளம் போடுகின்றன. ‘பார்ன் ஃப்ரீ’, நியூயார்க்கின் சூசைட் இரட்டையர் 1977இல் வெளியிட்ட கரடுமுரடான சிந்த் பாட்டை அடித்தளமாக வைத்துக் கத்துகிறது. ‘இட் டேக்ஸ் எ மசில்’ நேர்மாறு: 1982இல் நெதர்லாந்தின் ஸ்பெக்ட்ரல் டிஸ்ப்ளே வெளியிட்ட மென்மையான சிந்த்பாப் பாட்டின் மறுவார்ப்பு. தன் முன்னோர் யார் என்று ஒரு பாடகி இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. கூகுளும் அரசாங்கமும் கைகோத்திருப்பதாக இந்தத் தொகுப்பின் முதல் பாட்டிலேயே அவர் சொன்னதைப் பிதற்றல் என்று சிரித்தவர்கள், 2013இல் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியானபோது சத்தம் காட்டவில்லை.

பின்னால் வந்த ‘மாதங்கி’ (2013), ‘எய்ம்’ (2016), ‘மாதா’ (2022) ஆகியவற்றில் நல்ல பாட்டுகள் உண்டு. அந்த முரட்டுத்தனம் இல்லை.

தமிழ் சினிமா 1986இல், ‘புன்னகை மன்னன்’ காலத்திலேயே, கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டது. ஆனால் இன்றுவரை பெரும்பாலும் மற்ற வாத்தியங்களுக்கு மாற்றாக, சுத்தமாகக் குளிப்பாட்டித்தான் மெஷினைப் பாடவைக்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் திருவிழாப் பம்பையும் சிப்காட்டின் பவர் பிரஸ்ஸும் ஒரே மாவட்டத்தில் ஒலித்தும், இரண்டையும் ஒரு பாட்டில் மோதவிட இங்கே ஆள் கிளம்பவில்லை. லேப்டாப்பில் பாட்டுப் போடும் ஓசூர் இளைஞர்கள் ‘கலா’வைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் ‘மாயா’வை, ஒலியைக் குறைக்காமல், கேட்டுப் பார்க்கட்டும்.