கடவுளிடம் பேரம் பேசியவர்

யூத மதத்துக்கான அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஒரே கடவுள், ஆபிரகாமோடு உடன்படிக்கை, மோசேக்குக் கிடைத்த சட்டம். எதுவும் தப்பில்லை. ஆனா படிச்சு முடிச்சதும், கீழ்ப்படிவதுதான் அந்த மதம்னு தோணிடுது. எனக்கு அங்கேதான் உதைக்குது.

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சோதோம் அழியப்போகிறது எனத் தெரிந்ததும் ஆபிரகாம் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. அங்கே 50 நல்லவர்கள் இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்கிறார். பிறகு 45, 40, 30, 20 என்று சந்தையில் பேசுவதுபோல் குறைத்துக்கொண்டே வந்து 10இல் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் கடவுள் சம்மதிக்கிறார். கடைசியில் ஊர் தப்பவில்லைதான். ஆனால் கேள்வி கேட்டவர்மேல் கோபமும் இல்லை.

22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலியிடச் சொல்கிறார் கடவுள். ஊருக்காக அவ்வளவு வாதாடியவர் பெற்ற மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்? கதை சொல்லவே இல்லை.

எரிக் ஔவர்பாக் யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியில் பேராசிரியர் வேலையை இழந்தவர். இஸ்தான்புல்லில் அகதியாக இருந்தபோது எழுதிய 'மிமெசிஸ்' நூலின் முதல் அத்தியாயத்தில் இந்தப் பலிக் காட்சியை ஹோமரோடு ஒப்பிடுகிறார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார். இங்கே முக்கியமானவை இருட்டில் இருக்கின்றன, அதனால் வாசகர் விளக்கம் தேடியே ஆகணும் என்கிறார். சரிதான். ஆனால் அவர் காட்டும் அந்த மௌனம், 18ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுசாகக் கனக்கிறது. பேசத் தெரியாதவரின் மௌனம் இல்லை அது.

பொ.யு. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அதோடு பலிபீடமும் போயிற்று. அதன்பின் யூத மதத்தைத் தாங்கியவற்றில் முக்கியமானது இப்படி விளக்கம் தேடும் பழக்கம். சுமார் 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு தரப்பின் வாதங்களும் வருகின்றன. பெரும்பாலும் ஹில்லேல் தரப்புதான் ஜெயித்தது. ஆனாலும் தோற்ற வாதத்தை அழிக்கவில்லை. அச்சிட்ட தால்முத் பக்கத்தில் மூலம் நடுவில் இருக்கும்; சுற்றிலும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த உரைகள், சில இடங்களில் ஒன்றையொன்று மறுத்தபடி.

யூத மதத்துக்குள் நுழைய விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்வது, முதலில் கொள்கைப் பட்டியலைத் தேடாதீங்க. அந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படிங்க. ஆபிரகாம் ஏன் பேசவில்லை என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றினால், தால்முத் பேசும் பாஷை உங்களுக்குப் பிடிபட ஆரம்பிச்சாச்சு.